ரிப்போர்ட்டின் கடைசி வரி

வெள்ளிமலை
2-9-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

மணிமொழி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. போன கடிதத்தில் பாதிக்கு மேல் கரும்பைப் பற்றித்தான் இருந்தது.

எனக்கு ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. வாந்தி நின்றுபோய்விட்டது. ஆனால் மூச்சு வாங்குகிறது. ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருகிறேன். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த ஒரு வருஷத்தில் மேடு ஏறப் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இப்போது சமதரையில் நடந்தாலும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு தலையணையில் சாய்ந்துகொண்டால்தான் தூக்கம் வருகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் அவர்தான் தண்ணீர் எடுத்துத் தருகிறார். வாத்தியார் குடம் தூக்கி வருவதைப் பார்த்து இங்கே பெண்கள் சிரிக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கச்சிராயபாளையத்திலிருந்து டாக்டரம்மா வந்தார். என் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். பதினோரு வயசில் வந்தது, இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை என்று சொன்னேன். நெஞ்சை எப்போதாவது ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்று அடுத்துக் கேட்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் நான் களத்தில் மயங்கி விழுந்தபோது நீ என்னை மெட்ராசுக்குக் கூட்டிப்போனாயே. நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தி, டி.வி. பெட்டியில் பார்த்தார்களே. அதுதான் எக்கோ என்றார் டாக்டரம்மா. இருதயத்துக்குள் கதவு மாதிரி இருக்கும் வால்வு சரியாகத் திறக்கிறதா, சுருங்கிப்போயிருக்கிறதா என்று அதில் தெரியுமாம். அந்த ரிப்போர்ட் கட்டாயம் வேண்டும் என்கிறார்.

ரத்தம் குறைவு, வேறொன்றும் இல்லை என்று நீ அன்றைக்குச் சொன்னாய். காகிதம் ஏதாவது கொடுத்தார்களா? இருந்தால் தபாலில் அனுப்பு.

மூச்சு வாங்குவதை அம்மாவிடம் சொல்லாதே.

உன் தங்கை
மணிமொழி


களமருதூர்
8-9-1987

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அம்மா முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்கிறாள். குனிந்து வேலை செய்யாதே என்றால் கேட்பதில்லை. இங்கே இன்னும் மழை இல்லை. கிணற்று மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோய் உளுந்தூர்பேட்டைக்குத் தூக்கிப்போனேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. அதற்குள் கீழ்க்கழனி வெடித்துவிட்டது. சிவப்புக் கிடாரி கன்று போட்டிருக்கிறது. காளைக் கன்று.

வாயும் வயிறுமாக இருப்பவர்களுக்கு மூச்சு வாங்குவது சகஜம்தான். அம்மாவும் உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது அப்படித்தான் இருந்தாள். குடம் தூக்காதே. மாப்பிள்ளையிடம் சொல்லி வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள். இரும்புச் சத்து டானிக் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

மெட்ராஸ் காகிதம் கேட்டிருந்தாய். அன்றைக்கு ஏதோ கொடுத்தார்கள் என்றுதான் ஞாபகம். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டிகளை எல்லாம் இடம் மாற்றினோம். எதில் போனதோ தெரியவில்லை. தேடுகிறேன்.

வருகிற பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கத்தார் அறிவித்திருப்பது மலையில் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊருக்கு ஊர் கூட்டம் நடக்கிறது. வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்கிறார்கள். நம் வீட்டில் நான்தான். ஒரு பஸ்ஸும் ஓடாது. இந்த நிலைமையில் நீ மலையை விட்டு இறங்க வேண்டாம். மறியல் முடிந்ததும் நானே வந்து அழைத்து வருகிறேன்.

உன் அண்ணன்
தனசேகரன்


வெள்ளிமலை
13-9-1987

அண்ணா,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். காகிதத்தைக் காணவில்லை என்ற இடம் வந்ததும் அவர் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தார். துணி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

உன்னிடம் எந்தக் காகிதமும் தொலைந்ததில்லை. என் ஐந்தாம் வகுப்பு மார்க் சீட்டுகூட உன் தகரப் பெட்டியில் இருக்கிறது. மறுபடியும் தேடு.

நேற்று இருமும்போது எச்சிலில் ரத்தம் வந்தது. டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். எங்கே போட்டாய் என்று நீயே யோசித்துப் பார்த்து, கிடைத்ததும் பதினேழாம் தேதிக்குள் தபாலில் சேர்த்துவிடு.

மணிமொழி


புதுச்சேரி
28-9-1987

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரி வார்டிலிருந்து எழுதுகிறேன். உட்கார்ந்து எழுத அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் தேதி காலையில் எனக்கு மூச்சே விட முடியாமல் போனது. நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அவர் ஒரு ஜீப்பைப் பிடித்து வந்தார். பள்ளிக்கூடத்தில் சமையல் செய்யும் வேடியப்பனும் கூட வந்தார். கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்துவிட்டோம். அதைத் தாண்டியதும் சாலை முழுக்க மரம். பெரிய பெரிய புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். ஜீப் முதல் மரத்தோடு நின்றுவிட்டது.

மரத்தின் மேல் கோடரியோடு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறங்கி வந்து ஜீப்புக்குள் என்னைப் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, இந்த நேரத்துல இட்டுக்கினு கிளம்பிட்ட?" என்று அவரைக் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலை வாங்கி வந்து, வெட்டினவர்களே என்னை அதில் உட்காரவைத்து மரத்துக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அங்கிருந்து ஒரு டிராக்டர். அடுத்த மரத்தில் வேறு ஆட்கள், வேறு கட்டில். பதினான்கு மரம் வரைக்கும் எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. மறுநாள் மத்தியானம் இங்கே வந்து சேர்ந்தோம். ஊசி போட்டார்கள், பிராணவாயு வைத்தார்கள். வயிற்றில் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நான்காம் நாள் எக்கோ எடுத்தார்கள். பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதால் அந்த இளம் டாக்டர் பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார். சாம்பல் நிறத்தில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. இதுதான் வால்வு, இரண்டு இதழ் இருக்கிறது பாருங்கள் என்றார். நன்றாக இருப்பவர்களுக்கு அது அகலமாகத் திறந்து மூடும். எனக்கு ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, மீன் வாய் மாதிரி நடுவில் சின்னதாக மட்டும் திறக்கிறது. படத்தை நிறுத்தி, அந்த வாயைச் சுற்றிப் புள்ளி வைத்து அளந்தார். நான்கு சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டிய இடம் எனக்குப் புள்ளி எட்டுதான் இருக்கிறது.

பழைய அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று தெரிந்தால்தான் இப்போதே ஆபரேஷனா, பிரசவம் வரைக்கும் மருந்தில் ஓட்டலாமா என்று முடிவு செய்ய முடியுமாம். இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். டாக்டர் வெளியே போனதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டாரு மணி. வால்வு கொஞ்சம் சுருங்கியிருக்குதுன்னு. நீ பயந்துக்குவன்னுதான் உங்கிட்ட சொல்லல."

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. பதினேழு மாதம் இதைச் சுமந்துகொண்டு நடந்த எனக்குத்தான் தெரியாது.

ரிப்போர்ட்டைப் பதிவுத் தபாலில் என் பெயருக்கு அனுப்புங்கள். கீழே வார்டு விலாசம் எழுதியிருக்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.

மணிமொழி


களமருதூர்
3-10-1987

மணிமொழிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். படித்தேன்.

பதினெட்டாம் தேதி எங்கள் எல்லாரையும் போலீஸ் வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள். இரண்டு நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பிறகு கடலூர் ஜெயில். முந்தாநாள்தான் விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது உன்னுடைய இரண்டு கடிதமும் அம்மாவின் முந்தானையில் முடிந்திருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமும் கொடுத்துப் படிக்கவும் இல்லை. ஜெயிலில் இருந்ததால்தான் அனுப்பவில்லை என்று உனக்கு எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் எனக்கு முன்கூட்டியே கிடைத்திருந்தாலும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். அதுதான் நிஜம்.

ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது. தொலையவில்லை. தகரப் பெட்டியில், உன் மார்க் சீட்டுக்கு அடியில் இருந்தது.

நீ பாதிதான் தெரிந்துகொண்டிருக்கிறாய். மீதியை நீ படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அளவு ஒன்று புள்ளி ஒன்று. நீ புடவையைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெரிய டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். "கல்யாணம் பண்ணலாம், தடையில்ல. ஆனா வால்வைத் திறந்துவிட்ட பிறகுதான் குழந்தை. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க" என்றார். சொன்னதோடு விடாமல் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் கையாலும் எழுதிக் கொடுத்தார். சிவப்பு மையில் இருக்கும், பார்.

அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. நீ மயங்கி விழுந்ததை ஊரே பார்த்திருந்தது. பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்து, வால்வு கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். கடைசி வரியைச் சொல்லவில்லை. அவருக்கு அது இன்றைக்கும் தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை உனக்குப் போட்டுவிட்டேனே ஊசி, அது ரத்தத்துக்கு இல்லை. வால்வு மேலும் கெடாமல் இருக்க. கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

கல்யாணம் ஆனதும் நானே ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று இருந்தேன். நடவு முடியட்டும் என்றேன், வெட்டு முடியட்டும் என்றேன். நீ உண்டாகியிருக்கும் சேதி வந்த அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள். நான் ஒரு வாய் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

வர வேண்டாம் என்றதால் வரவில்லை.

தனசேகரன்


புதுச்சேரி
24-10-1987

அண்ணனுக்கு,

காகிதம் கிடைத்தது. டாக்டர் இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றரை வருஷத்தில் இவ்வளவு சுருங்கியிருக்கிறது, மாதம் ஏற ஏற இருதயத்துக்கு வேலை கூடும், காத்திருக்க முடியாது என்றார். பிறகு சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டார். இன்றைக்குத்தான் படித்தேன் என்றேன். வேறொன்றும் கேட்காமல் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஒன்பதாம் தேதி ஆபரேஷன் நடந்தது. இடது மார்புக்குக் கீழே ஆரம்பித்து முதுகு வரைக்கும் வெட்டி, விலாவுக்கு இடையில் போய், துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே விரலை விட்டு ஒட்டியிருந்ததைப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. கண்ணைத் திறந்தபோது நர்ஸ் என் வயிற்றில் குழலை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருக்கிறது என்று தலையை ஆட்டினாள்.

நேற்று மறுபடியும் எக்கோ எடுத்தார்கள். இரண்டு புள்ளி இரண்டு. படுத்துத் தூங்குகிறேன். வராந்தாவில் கடைசி வரைக்கும் நடந்து திரும்புகிறேன். மூச்சு வாங்கவில்லை. நர்ஸ் புது ரிப்போர்ட்டை அவரிடம் நீட்டினாள். நான் கையை நீட்டினேன். என்னிடம் கொடுத்துவிட்டாள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்று. அவரும் சொன்னார். ஆமாம் என்கிறேன். பக்கத்துக் கட்டிலில் மறியலில் குண்டடிபட்டு இறந்துபோன ஒருவரின் சொந்தக்காரப் பெண் இருக்கிறாள். அவளைப் பார்க்கும்போது எனக்கு என்ன குறை என்றுதான் தோன்றுகிறது. நான் பிழைத்துவிட்டேன், குழந்தையும் பிழைத்திருக்கிறது. ஆகவே ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிட்டது. கோபம் வரும் என்று உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அவர் அந்தப் பழைய காகிதத்தைக் கேட்டார். டாக்டரிடமே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. கடைசி வரியை அவரிடம் நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். அதற்கு முன் எழுத வேண்டாம்.

மணிமொழி


களமருதூர்
20-11-1987

மணிமொழிக்கு,

சொல்லிவிட்டேன். அதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

முதலில் அம்மாவிடம். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே புடைத்தாள். முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "பெத்தவ நான் ஒருத்தி இந்த வூட்டுல தானடா இருந்தேன். எங்கிட்ட சொல்லணும்னு இன்னாத்துக்குத் தோணல உனக்கு?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். நேற்றுக் கிளம்பும் வரைக்கும் பத்து நாள் அப்படித்தான்.

உன்னோடு வந்து இருப்பதற்காக அம்மாவை அழைத்துப்போக மாப்பிள்ளை நேற்று வந்தார். அவரைக் கழனிப் பக்கம் கூட்டிப்போனேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

"மொத்தத்தையும் சொன்னா நான் வேணாம்னு போயிடுவேன்னு நெனச்சீங்களா மச்சான்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"தெரியல. போனாலும் போயிருப்பேன்" என்றார்.

இதை உனக்கு எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். எழுதாவிட்டால் மறுபடியும் பாதியைச் சொல்வதாக ஆகிவிடும். அதனால் எழுதிவிட்டேன். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் எழுத நினைத்து விட்டுவிட்டேன்.

தனசேகரன்


கள்ளக்குறிச்சி
9-2-1988

அண்ணா,

ஜனவரி இருபத்தேழாம் தேதி புதுச்சேரியில் பெண் குழந்தை பிறந்தது. தந்தியில் அவர் அதை மட்டும்தான் கொடுத்திருப்பார். இரண்டே முக்கால் கிலோ. சுகப் பிரசவம். டாக்டர்கள் நான்கு பேர் சுற்றி நின்றிருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு வேலை வைக்கவில்லை. குழந்தையின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

இனி கொஞ்ச காலம் மலை ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருக்கிறோம். அவர் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் சனிக்கிழமைதான் வருகிறார். அம்மா என்னோடு இருக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, நானே நடந்துபோய்ப் போட்டுக்கொள்கிறேன். அட்டையில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

உன் நவம்பர் மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அவர் உன்னிடம் சொன்னதை அவரிடமே கேட்டேன். "ஆமா, அப்படித்தான் சொன்னேன். இப்பவும் தெரியல" என்றார். என்னைச் சமாதானப்படுத்த வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை. சண்டையும் இல்லை. சனிக்கிழமை வந்தால் குழந்தைத் துணிகளை அவர்தான் துவைக்கிறார்.

அம்மா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யாராவது களமருதூர்க்காரர்கள் வந்தால் மாடு கன்றெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போ. அம்மா பேசுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் என்ன பேசுவேன் என்றும் தெரியாது. அதற்காக வராமல் இருந்துவிடாதே.

ஒன்றை மட்டும் எழுத வேண்டும் என்று இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தையல் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் அந்த இடத்தைச் சுற்றி, இடது மார்பு பூராவும் தோலுக்கு உணர்ச்சி இல்லை. கிள்ளினால் தெரியவில்லை. வெட்டும்போது நரம்பு போயிருக்கும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். பால் மட்டும் இரண்டு பக்கமும் சுரக்கிறது. குழந்தை அந்தப் பக்கம் வாய் வைத்தால் எனக்குத் தெரிவதில்லை. குனிந்து, கன்னம் அசைகிறதா என்று பார்த்துத்தான் குடிக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். வலது பக்கமே கொடு, போதும் என்கிறாள் அம்மா. நான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித்தான் கொடுக்கிறேன். அது கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறது. அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மணிமொழி